திருப்பிப் போட்ட காலடி

நொண்டும் நாயை எங்கள் கால்நடை டாக்டர் இல்டா எடுத்த எடுப்பில் தொடுவதில்லை. தரையில் உட்கார்ந்து, மாத்தே கஷாயத்தைக் குழலால் உறிஞ்சிக்கொண்டே, அது நடந்த மண்ணைப் பார்ப்பார். எங்கள் பத்தகோனியாப் பீடபூமியின் காற்று தடத்தை அழிக்கும் முன் படித்துவிடும் அவசரம் கண்ணில் மட்டும் தெரியும். நாய்களை அவர் ‘நீங்க’ என்பார், சொந்தக்காரர்களுக்கு ‘ஏய்யா’தான்.

ஆடு மேய்க்கும் பெர்மினின் நாய் பம்பா பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. முட்டியில் எலுமிச்சை அளவு வீக்கம். மலையிலிருந்து மந்தையை இறக்கும் நாள் நெருங்கிவிட்டது. ஓட முடியாத நாய்க்கு இங்கே துப்பாக்கிதான் முடிவு. அது கதவோரம் தயாராகச் சாய்ந்திருந்தது.

“புத்துநோய்தான் டாக்டரம்மா. என் தம்பி நாயும் இப்படித்தான் செத்துச்சு. காலடி வைத்தியமும் பாத்துட்டேன்.”

நொண்டும் காலின் தடத்தைக் கத்தியால் மண்ணோடு வெட்டித் தலைகீழாகக் கவிழ்ப்பதுதான் அந்த வைத்தியம், தடம் கவிழ்ந்தால் நோவும் கவிழும் என்பது இங்கே நம்பிக்கை. இல்டா கவிழ்ந்த மண்கட்டியைப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“ஏய்யா, ஆழமாப் பதிஞ்ச தடமாப் பாத்து வெட்டுனியா? நோவுற கால எவன் அழுத்தி ஊணுவான்? நீ நல்ல காலுக்குல்ல வைத்தியம் பாத்திருக்க!”

“அதான் சரியாகலையோ?” பெர்மின் நிஜமாகவே கேட்டான்.

பிறகுதான் அவர் பம்பாவிடம் திரும்பினார். “கொஞ்சம் பொறுத்துக்குங்கம்மா.” வீக்கத்தில் குத்திய ஊசியில் கூழாக, நூல்போல இழுபடும் நீர் வந்தது. வண்டியிலிருந்த எக்ஸ்ரே கருவியில் படம் எடுத்தார், எலும்பு அரிபடவில்லை.

“எலும்பு நல்லாருக்கு. இது மூட்டுச் சவ்வுல வளர்ற சாதுக் கட்டின்னு நெனைக்கிறேன். துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்புறேன். முடிவு வர்ற வரைக்கும் உன் துப்பாக்கி என் வண்டியில இருக்கட்டும்.”

“மந்தை?”

“பக்கத்து மந்தைக்காரன்கிட்ட நாய் கேளு. வாய் வலிக்காது.”

முடிவு அவர் சொன்னபடியே வந்தது. பரவாத கட்டி. முட்டியைத் திறந்து, ஜவ்வரிசிபோல் ஒட்டியிருந்த மணிகளைச் சவ்வோடு சுரண்டி எடுத்தார். “மறுபடி வந்தாலும் மெதுவாத்தான் வரும். நான் எங்கயும் போயிடல” என்றார்.

நேற்று துப்பாக்கியைத் திருப்பித் தர வந்திருந்தார். பம்பா முற்றத்தைக் கடந்து ஓடிவந்தது, நான்கு காலும் ஊன்றி. பெர்மின் நாயைப் பார்க்கவில்லை. தான் கால் மாற்றி வெட்டிய பழைய மண்கட்டி கிடந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இல்டா அவன் இடுப்புக் கத்தியை உருவினார். மண்டியிட்டார். நோயுற்றிருந்த காலின் புதிய தடத்தைத் தேடி வெட்டி, கவனமாகக் கவிழ்த்து, உள்ளங்கையால் மெல்லத் தட்டிக்கொடுத்தார்.