இரண்டாம் வேலைக்குத் தோய்ப்பதில்லை

என் மனுசன் யாழ்ப்பாணத்தில் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். ஓக்லாந்துக்கு வந்தபின் திங்கள் முதல் வெள்ளிவரை விரி என்ற பகுதியில் ஒரு கிடங்கில் உர மூட்டை தூக்கினார். மாட்டு எலும்பையும் இரத்தத்தையும் காயவைத்து அரைத்த உரம். சனிக்கிழமை நாலு மணித்தியாலம் மட்டும் சான்ட்ரிங்ஹாமில் ஒரு சின்னக் கந்தோரில் கோப்பு அடுக்கினார். அதற்குக் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு போவார்.

எண்பதுகளின் கடைசி அது. வீட்டில் சலவை இயந்திரம் இல்லை. கைக்குழந்தையின் துணிகளையும் அந்த உரக் காற்சட்டைகளையும் நான் குளியல் தொட்டிக்குள் முழங்காலில் நின்று தோய்த்தேன். இங்கே ஆனி மாதம்தான் கடுங்குளிர்; விரல் வெடித்துவிட்டது. பழைய இயந்திரம் ஒன்று வாங்குவதாக முடிவு. சம்பளத்தில் மிஞ்சினால் வாங்கலாம். கிழமைக்குக் கிழமை பார்க்கிறேன், மிஞ்சுவதாக இல்லை.

ஒருநாள் அவருடைய சம்பளத் துண்டை எடுத்து நானே பார்த்தேன். கிடங்கில் வெட்டிய வரியை நம்பாமல் இரண்டு தரம் பார்த்தேன்.

இந்த நாட்டில் வேலைக்குச் சேர்ந்தால் வரிப் படிவம் ஒன்று நிரப்பிக் கொடுக்க வேண்டும். இரண்டு வேலை என்றால் கூடச் சம்பளம் வருவதை முதல் வேலை என்று எழுதவேண்டும், மற்றது இரண்டாம் வேலை. ஒவ்வொன்றுக்கும் வேறு வரிக் குறியீடு. குறைந்த வரி முதல் வேலைக்குத்தான். இரண்டாம் வேலைக்கு எடுத்த எடுப்பிலேயே கூட்டி வெட்டுவார்கள். இதில் விளங்காமல் போக ஒன்றுமில்லை. அவருக்கும் நன்றாகவே விளங்கியிருந்தது. விளங்கியும் கந்தோரை முதல் வேலை என்றும் கிடங்கை இரண்டாம் வேலை என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்!

"ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?"

"கவண்மேந்துக் கடுதாசியில என்ர முதல் உத்தியோகம் மூட்டை தூக்கிறது எண்டு எழுதச் சொல்லுறீரோ?"

"தூக்கிறது மூட்டைதானே!"

"தூக்கிறது வேற, எழுதிறது வேற. வருச முடிவில கணக்குக் காட்டினா கூட வெட்டின காசு திரும்பி வரும். உமக்கு விளங்காது."

வருச முடிவு பங்குனியில். அதற்குப் பிறகு காசு வர இன்னும் எத்தனை நாளோ. அதுவரை தொட்டிக்குள் நிற்கப்போவது நான்.

"சரி. அப்ப நானும் உங்கட படிவத்தின்படியே செய்யிறன். முதல் வேலை உடுப்பு மட்டும் தோய்ப்பன். இரண்டாம் வேலை உடுப்பை நான் தொடமாட்டன்."

அவர் சிரித்தார். நான் பகிடி விடுகிறேனாம்.

சனிக்கிழமைச் சட்டையை வெள்ளைவெளேர் என்று தோய்த்து, மடிப்புக் கலையாமல் தொங்கவிட்டேன். கிடங்குக் காற்சட்டை தோய்க்காமல் மூலையில் கிடந்தது; விடிந்தால் அதையே போட்டுக்கொண்டு போனார். இரண்டாம் கிழமை அது வளைய மறுத்தது. மூன்றாம் கிழமை, சுவரில் சாத்தினால் ஆள் இல்லாமலே நின்றது. பக்கத்து வீட்டு நாய் எங்கள் வாசலை விட்டுப் போகவில்லை. மனுசன் தானே தோய்த்திருக்கலாம். கிளாக்கர் தோய்ப்பாரா?

அவரைத் தினமும் விரிக்குக் காரில் ஏற்றிப்போவது த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் இருந்த ஒரு மலேசியத் தமிழ்ப் பிள்ளை. மரியாதையான பிள்ளை. ஒரு காலை நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, மழை உள்ளே அடிக்க, நனைந்துகொண்டு இருந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. நாளையிலேர்ந்து பஸ்ல வாங்க லா. நேத்து என் மாமியார் கார்ல ஏறி, எதோ செத்துக் கிடக்குதுன்னு சீட்டுக்கு அடியில தேடிட்டாங்க."

நான் வாசலில் நின்று கேட்டேன். சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் நான் சிரித்ததைப் பார்த்துவிட்டார்.

அன்று பின்னேரம் இரண்டு புதுப் படிவங்களோடு வந்தார், கந்தோருக்கு ஒன்று, கிடங்குக்கு ஒன்று. மேசையில் வைத்துவிட்டுப் பேனையை என்னிடம் நீட்டினார்.

"நீர் எழுதும். எனக்குக் கை வருகுதில்லை."

முதல் வேலை என்ற இடத்தில் உரக் கிடங்கின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதினேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே கையெழுத்து வைத்தார். பிறகு, அந்தப் பிள்ளையின் காருக்காகத்தான், காற்சட்டையை இரண்டு தண்ணீரில் ஊறப்போட்டேன்.

அடுத்த சம்பளத்திலிருந்தே வித்தியாசம் தெரிந்தது. முன்னம் கூட வெட்டியது பங்குனிக்குப் பிறகுதான் வரும் என்றார்கள், வரட்டும். மூன்றாவது சம்பளத்தோடு பழைய இயந்திரம் ஒன்று வந்தது. ஓடும்போது நிலம் அதிர்ந்தது. அவர் கதிரையை இழுத்துப் போட்டு அதன் முன்னால் இருந்து, அதோடு வந்த கைநூலை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். உடுப்பைப் போடுவதற்கும் ஒரு ஒழுங்கு இருக்கிறதாம். எனக்கும் சொல்லித்தரவோ என்று கேட்டார்.

"நீங்களே போடுங்கோ" என்றுவிட்டு, பிள்ளையையும் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்தேன். பட்டப்பகல் இரண்டு மணி. நல்ல நித்திரை.