தண்ணி மெஷின் லைட்டும் சிறுத்தைப் பல்லியும்

“…அதுக்கு மட்டும் இல்லக்கா, ஒன் கண்ணும் சேர்ந்து போய்டும். இன்னாக்கா நீ, கிருமியக் கொல்ற லைட்டக் கொணாந்து பல்லித் தலைக்கு மேல கட்டிவச்சிகினு கீற?”

தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினை சர்வீஸ் பண்ண வந்த தம்பிதான் கத்தினார். சமையலறையில் ஃபில்டரைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தவர், கண்ணாடித் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

அந்தப் பல்லி என் மகனுடையது. சிறுத்தைப் பல்லி என்பார்கள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி, சுவரேறத் தெரியாது. ஜெர்மனிக்கு வேலைக்குப் போகும்போது, “ஆறு மாசம் பாத்துக்கோம்மா” என்றான். இரண்டு வருஷம் ஆகிறது. ஞாயிறு நாலு மணிக்கு வீடியோ போன் வரும். முதல் கேள்வி, “பல்லி சாப்ட்டுச்சா?” இரண்டாவது, “நீ சாப்ட்டியா?” குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதாவது இருக்கிறதே.

திருமுல்லைவாயிலில் எங்கள் பிளாக்கில் எல்லாரும் அவரவர் கதவுக்குள். எதிர்வீட்டம்மா மட்டும் குப்பை போட வரும்போது சொல்வாள்: “செவுத்துல ஓடுறதையே வெரட்ட முடியல, நீங்க தொட்டி கட்டி வளக்குறீங்க.” அன்றைய பேச்சு அதோடு முடியும்.

போன மாசம் பல்லி கல்லின் மேலிருந்து சறுக்கி விழுந்தது. பின்னங்கால் நடுங்கியது. ‘ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி.’ என் வாய்க்கு எதுவானாலும் முதலில் பழமொழிதான் வரும். பிறகுதான் உறைத்தது. இது போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை அவன் என்னத்தைக் கேட்பான்?

போனில் காட்டினேன். எலும்பு பலவீனம் போலிருக்கிறது, டாக்டரிடம் காட்டு என்றான். காட்டினேன். அவர் சுண்ணாம்புச் சத்துப் பொடி கொடுத்து, யு.வி. லைட்டும் போடச் சொன்னார். “நான் இங்கேருந்தே ஆர்டர் போட்டுடறேம்மா” என்றான். “வேணாண்டா, நானே வாங்கிக்கிறேன்” என்றேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருஷம் தையல் மெஷின் ஓட்டியவள், அறுந்த பெல்ட்டை நானே மாட்டியவள், ஒரு லைட் வாங்கத் தெரியாதா?

எலக்ட்ரிக் கடையில், “யு.வி. லைட் குடுங்க” என்றேன். எதுக்கு என்று அவர் கேட்கவில்லை. பல்லிக்கு என்று சொல்ல எனக்கும் வெட்கம். ஒயரும் பிளக்கும் கோத்த ஒரு சின்னக் குழல் விளக்கைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

தொட்டி மூடியை எடுத்துவிட்டு, புடவைக் கரைத் துணியால் அதைக் குறுக்கே கட்டி, பிளக்கைச் சொருகினேன். சுவிட்சை மட்டும் போடவில்லை. அன்று ஞாயிறு. நாலு மணிக்கு அவன் பார்க்கப் பார்க்கப் போட வேண்டும், ‘பாத்தியா, வாங்கிட்டேன்’ என்று சொல்ல வேண்டும். அந்த ஆசைதான் எங்கள் நாலு கண்ணையும் காப்பாற்றியது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

தம்பி பிளக்கைப் பிடுங்கினார். “தொழிலுக்கு வந்த புதுசுல இத்த மூடியில்லாம எரியவுட்டுப் பாத்தேன்க்கா. சாயங்காலம் கண்ணுல மணலக் கொட்டுன மாதிரி. ரெண்டு நாளு கண்ணே தொறக்கல. எம்பொண்டாட்டி இன்னா கேட்டா தெரியுமா? ‘என் மூஞ்சியப் பாக்காம இருக்க இப்படி ஒரு வழி கண்டுபுடிச்சியா’ன்னா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எதைக் காட்டுவேன்?

“எடுக்கா” என்றார். நான் எடுக்காததால் அவரே எடுத்துத் தொட்டிப் பக்கம் பிடித்தார். “சாரு, நா தண்ணி மெஷின் மெக்கானிக்கு. ஒங்கம்மா மெஷினுக்குள்ள போடுற லைட்ட வாங்கினு வந்துகீறாங்க. இந்த ஜீவனுக்கு இன்னா லைட்டு, கரெக்டா சொல்லு, எழுதிக்கிறேன்.”

அவன் சொல்லச் சொல்ல, தம்பி சர்வீஸ் கார்டின் பின்பக்கம் எழுத ஆரம்பித்தார். ஊர்வனவற்றுக்கென்றே விற்கிற, எலும்புக்கு வலுத் தரும் யு.வி.பி. குழல், அதிலும் பவர் கம்மியானது. லைட்டின் அட்டைப் பெட்டியில் போட்ட தூரத்துக்குக் கிட்டே வரக்கூடாது. நடுவில் கண்ணாடி இருந்தால் பிரயோஜனமில்லை, கம்பி வலை போதும். தொட்டியின் ஒரு பக்கம் மட்டும் வெளிச்சம், மறுபக்கம் நிழல், ஒளிய ஒரு பொந்து. ராத்திரி அணைத்துவிட வேண்டும்.

“பொந்து எதுக்கு சாரு?”

“வெளிச்சம் போதும்னு தோணினா அதுவே போய் ஒளிஞ்சிக்கும்ணா.”

“அட, நம்மள விட வெவரமாக்கீதே!”

போனுக்குள் என் மகன் சிரித்தான். நான் சுவரோரம் நின்று கேட்டேன். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை மாசமிருக்கும்? எனக்கு இப்படிக் கேள்வி கேட்கத் தோன்றியதே இல்லை. ‘சாப்ட்டுச்சுடா’ என்பேன், முடிந்துவிடும்.

“சரிண்ணா, நான் வச்சிடவா?” என்றான் அவன்.

தம்பி என்னை ஒரு தடவை பார்த்தார். “இரு சாரு” என்றார். போனைத் தொட்டிப் பக்கமிருந்து திருப்பி, என் நாற்காலிக்கு நேரே மேஜைமேல் சாய்த்து வைத்தார். உட்காரும்படி எனக்குத் தாடையால் காட்டினார். பிறகு சமையலறைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த ஃபில்டரை எடுத்துக் குழாயடியில் பிடித்து, பேச்சு காதில் விழாத அளவுக்குத் தண்ணீரை முழுசாகத் திறந்துவிட்டார்.