ஒன்பது கிலோ காலி இடம்

தீவுத் தலைநகரான நுகுஅலோஃபாவின் தபால் நிலையத்தில் முத்திரை குத்தும் லுசேயானேவுக்கு அந்தச் சனிக்கிழமை இரண்டு கண்டங்கள். சர்ச் மாதர் சங்கத்தின் எடை குறைப்புப் போட்டிக்கு அன்றுதான் கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குள் எடை பார்த்தாக வேண்டும். பத்தரை மணிக்கு எவுவா தீவுக்கு விமானம்; அங்கே தம்பி மகளுக்குக் கல்யாணம். அத்தை போய் உட்காராமல் அங்கே அடுப்பே பற்றாது.

மூன்று மாதமாக விடியுமுன் எழுந்து கடலோரச் சாலையில் நடந்தவள் அவள். ஞாயிறு விருந்தில் எல்லாரும் பன்றிக்கறியை ஒரு கை பார்க்கும்போது, பப்பாளித் துண்டை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "மூணாவது ஞாயித்துக்கிழமையைத் தாண்டமாட்டா" என்று எதிர்வீட்டு வாய்சிமா ஊரெல்லாம் சொல்லியிருந்தாள். பரிசு ஒரு தையல் இயந்திரம். அது யாருக்கு வேண்டும்? அந்த வாயை அடைக்க வேண்டும்.

காலை நடையை முடித்த கையோடு, கல்யாணப் பாயை வாங்கப் பெரியம்மா வீட்டுக்கு ஓடினாள். பாயோடு ஆறு டின் மாட்டிறைச்சியும் வந்தது.

"பெரியம்மா, அந்தக் குட்டி விமானத்துல ஆளையும் மூட்டையையும் சேர்த்துல்ல நிறுக்கிறான்!"

"தெரியும்டி. அதான் ஒம்பது கிலோ குறைஞ்சுட்டியே? அந்த இடம் காலியாத்தானே கிடக்கு!"

இந்தக் கணக்கு எப்படியோ சொந்தமெல்லாம் பரவிவிட்டது. வழியில் சித்தி சேப்பங்கிழங்கைத் திணித்தாள். மாமா தேங்காயெண்ணெய்ப் புட்டிகளை நீட்டினார். பட்டினி கிடந்தது இவள், இடம் பிடித்தது அவர்கள்.

சர்ச் கூடத்தில் தராசுக்கு முன் நீண்ட வரிசை. மணி ஒன்பதே முக்கால். "எந்தத் தராசுன்னாலும் சரி. ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்று நர்ஸ் சீட்டைக் கொடுத்துவிட்டாள்.

அப்போதுதான் எட்டு கிலோ குறைந்த பெருமையோடு தராசைவிட்டு இறங்கிய வாய்சிமா, "வா, என் வண்டியிலயே விடுறேன். நானே பார்த்துக் கையெழுத்துப் போடுறேன். உன்னைத் தனியா விட்டா நீ பாட்டுக்கு இருபதுன்னு எழுதிக்குவே" என்றாள்.

விமான நிலையத் தராசில் பாயையும் மூட்டையையும் அணைத்தபடி லுசேயானே ஏறினாள்.

"நூத்தி ஒம்பது!" குமாஸ்தா ஃபிலிமோனே ஊருக்கே கேட்கும்படி கத்தினான். மூன்று மாதத்துக்கு முன் போட்டி தொடங்கியபோது அவள் தனியாக இருந்த அதே எடை.

வாய்சிமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பப்பாளி தின்னதெல்லாம் இதுக்குத்தானா?"

"போட்டிச் சீட்டுக்குன்னா கீழ வச்சிட்டு ஏறுங்கக்கா" என்ற ஃபிலிமோனே, பாயைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டான். நாலு தலைமுறைக் கல்யாணம் கண்ட பாய். தரையெல்லாம் மழைச் சேறு.

வெளியே விமானத்தின் விசிறி சுழலத் தொடங்கியது. "சீக்கிரம்!" என்றான் அவன். லுசேயானே யாரையும் கேட்கவில்லை. கண் மட்டும் கலங்கிவிட்டது.

வாய்சிமாவின் சிரிப்பு நின்றது. தரைச் சேற்றைப் பார்த்தாள். அதில் நழுவப்போகும் தையல் இயந்திரத்தைப் பார்த்திருப்பாளோ என்னவோ.

"கொண்டா இங்க" என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

"நூறு!" என்றான் ஃபிலிமோனே.

பாயும் டின்களும் கிழங்கும் புட்டிகளுமாக நின்ற வாய்சிமா சுமையைக் குனிந்து பார்த்தாள். "ஏண்டி... இவ்வளவையுமா நீ இறக்கி வச்சே?"

"ஆமா."

"நான் இதுல ஒரு கிலோ கம்மி. வாங்கித் தொலை, கை விட்டுப்போச்சு." சுமையைக் கொடுத்துவிட்டுச் சீட்டில் கோணலாகக் கையெழுத்துப் போட்டு, பன்னிரண்டுக்குள் நர்ஸிடம் சேர்க்க இடுப்பில் செருகிக்கொண்டாள்.

லுசேயானே எல்லாவற்றையும் மார்போடு அணைத்துக்கொண்டு விமானத்தை நோக்கி ஓடினாள். பாதி தூரத்தில் மூச்சிரைத்தது. மூன்று மாதம் முன்புவரை, வெறுங்கையோடு ஓடினாலும் அவளுக்கு இப்படித்தான் இரைக்கும்.