மழைமானியைத் தாண்டிய எண்

இன்று முதலாம் வருட விஞ்ஞான மாணவர்களுக்குப் புள்ளிவிபரவியல் வகுப்பு. ஊரிலிருந்து ஏதாவது தரவு கொண்டுவந்து சராசரி கணிக்கச் சொல்லியிருந்தேன்.

பூனாகலையிலிருந்து வரும் சுகந்தி, அம்மாவின் பழைய மழைக் கொப்பியையே கொண்டுவந்துவிட்டாள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மண்சரிவுப் பயத்தால், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் வைத்திருக்கும் மழைமானியைத் தினமும் பார்த்து எழுதுவதும் அவர்தான்.

ஒரு நாளின் எண் மட்டும், முதல் பக்கத்தில் குறித்திருந்த மானியின் கடைசிக் கோட்டின் அளவையே தாண்டியிருந்தது. சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டேன்.

"மானியே இவ்வளவு கொள்ளாதே. பிழையான அளவு. இதை எடுத்துட்டுச் சராசரி போடுங்க" என்றேன், வகுப்புக்கே கேட்கும்படி.

"பிழை இல்லைங்க சேர். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை, எல்லாரும் வீட்டுலதான். மத்தியானத்துக்குள்ள மானி நெறஞ்சிருச்சு. அம்மா கொட்டிட்டுத் திரும்ப வச்சாங்க. அதுவும் நெறஞ்சிருச்சு. ரெண்டையும் கூட்டி எழுதிட்டு, லயத்துல இருந்த எல்லாரையும் மேல ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்புறம்?"

"சாயங்காலம் மேடு சரிஞ்சு எங்க வீட்டுக் காம்பரா மேலயே விழுந்துச்சு சேர். உள்ள யாரும் இல்ல."

அதற்குப் பிறகு எனக்குப் பாடம் ஓடவில்லை.

தனியாக விலகி நிற்கும் எண்ணைச் சந்தேகப்படுங்கள் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த அம்மா மழையில் நனைந்தபடி இரண்டு தடவை அளந்து, அதை நம்பியிருக்கிறார். நம்பியதால் ஒரு லயமே உயிரோடு இருக்கிறது.

கொப்பி இப்போது என் மேசையில். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

சிவப்பு மையை அழிக்க வழி தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.