மலைப்பாம்பின் சாப்பாட்டுக் கோப்பு

நகரசபைக் கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் வேலை செய்த காலத்தில், ஒரு விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப எத்தனை காரணங்கள் உண்டோ அத்தனையும் எனக்கு மனப்பாடம். ஓய்வுபெற்ற பிறகும் மறக்கவில்லை. என் நடைமுறை அறிவை முழுதாகத் தோற்கடித்த விண்ணப்பதாரர் ஒருவர்தான். அவர் ஒரு பாம்பு.

தொண்ணூறுகளின் தொடக்கம். புலம்பெயர்ந்து வந்த மனோர் பார்க்கில், ஒட்டிக் கட்டிய வீடுகள் உள்ள தெருவில் நானும் மனைவியும் இருந்தோம். சுவருக்கு அந்தப் பக்கம், கவுன்சிலின் வாடகை வீட்டில், ஓர் ஆங்கிலேயக் கிழவர். பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். மனைவி இறந்தபோது அவருக்கு விட்டுப்போனவை ஒரு தையல் மெஷினும் ஓர் ஆபிரிக்க மலைப்பாம்பும். ஊரில் வெங்கிணாந்தி என்போமே, அந்தச் சாதி. ஆனால் சின்னது, நிமிர்த்தி வைத்தால் என் நெஞ்சுக்குத்தான் வரும். பயந்தால் பந்துபோலச் சுருண்டு தலையை நடுவில் ஒளித்துக்கொள்ளும்.

ஒக்டோபர் கடைசியில் ஒருநாள் காலை கிழவர் வாசற்படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அம்புலன்சில் ஏற்றுமுன் சாவியை என் கையில் வைத்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

"அவளைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை தோறும் ஒரு எலி. ஃப்ரீஸரில் இருக்கிறது."

ஆளில்லாத வீட்டில் சூடு போட்டு வைக்க முடியாது. பாம்பின் பெட்டியை எங்கள் முன்னறைக்குக் கொண்டுவந்தேன். மனைவி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாம்பு இருக்கட்டும். ஆனா வெள்ளிக்கிழமை எலியோ? இந்த வீட்டில?"

"அப்ப செவ்வாய்."

"செவ்வாய் முருகனுக்கு."

"புதன்?"

"புதன் ஓம். ஆனா எலி என்ர ஃப்ரிட்ஜுக்குள்ள வராது. எலி பிடிக்கிற அந்தக் குறடும் என்ர குசினிக்குள்ள வராது."

ஒப்பந்தம் முடிந்தது. எலி கிழவரின் ஃப்ரீஸரிலேயே இருந்தது. புதன் மாலை அவர் குசினியில் உறைவு போக்கி, வெந்நீரில் சூடாக்கி, குறட்டில் பிடித்து எடுத்து வந்தேன். இந்தச் சாதிப் பாம்புக்கு உதட்டோரத்தில் சின்னக் குழிகள் உண்டு; இரையின் சூட்டை அவற்றால் அறியும் என்று நூலகப் புத்தகத்தில் படித்திருந்தேன். எலியை உயிருள்ளதுபோல ஆட்டினேன். பாம்பு இரண்டு தரம் நாக்கை நீட்டியது. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இருபது வருடம் கவுன்டரில் இருந்த எனக்கு அந்த முகத்திருப்பல் புதிதல்ல. வழக்கமாக நான்தான் செய்வேன்.

ஒரு கோப்புத் திறந்தேன். திகதி, நேரம், எலியின் அளவு, பெட்டியின் சூடு, முடிவு. முடிவு: மறுப்பு. அடுத்த புதனும் மறுப்பு.

அதற்குள் கந்தசஷ்டி வந்தது. மனைவி ஆறு நாளும் விரதம்.

"பாருங்கோ, அதுவும் பிடிக்குது," என்றாள்.

அதைக் கோயிலிலும் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் முன்னறை நிறைந்தது. பூவோடு வந்தார்கள், பாலோடு வந்தார்கள். ஒரு அம்மா கற்பூரமும் கொண்டுவந்தார்.

"அக்கா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் திறவுங்கோவன். முகத்தைப் பாப்பம்."

"அது ஆபிரிக்காப் பாம்பு, பால் குடியாது," என்றேன். "ஊர்ப் பாம்பும் குடியாது."

"அண்ணை படிச்ச ஆள். அப்பிடித்தான் சொல்லுவார்," என்றார் கற்பூர அம்மா, எனக்கு ஏதோ நோய் என்பதுபோல.

பாம்பு பால் கிண்ணத்தைக் கவிழ்த்து அதற்குள்ளேயே புரண்டு கிடந்தது. நான் ஒரு விதிப் பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒரு தடவைக்கு இருவர் மட்டும், தீபம் இல்லை, பால் இல்லை. யாரும் படிக்கவில்லை. மறுப்பு, மறுப்பு.

ஞாயிறுதோறும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிழவர் வணக்கம் சொல்லமாட்டார். "சாப்பிட்டாளா?" என்பார். "இன்னும் இல்லை" என்பேன். நவம்பர் கடைசி ஞாயிறன்று அவர் போர்வையின் மேல் ஒரு படிவம் கிடந்தது. எனக்குப் பழக்கமான படிவம். வீட்டுக்குத் திரும்புகிறாரா, முதியோர் இல்லத்துக்குப் போகிறாரா என்று அவர் சொல்லவேண்டும். இல்லம் என்று கையெழுத்து வைத்தால் வீடு கவுன்சிலுக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு அதை மீட்க எந்த வழியும் கிடையாது. இல்லாத வழிகளும் எனக்கு மனப்பாடம்.

"அவளும் போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கு யார்?" என்றார். "பேனா இருக்கிறதா?"

என் சட்டைப் பையில் இரண்டு பேனாக்கள் இருந்தன.

"இல்லை," என்றேன். "அவள் புதன்கிழமை சாப்பிட்டுவிட்டாள். சொல்ல மறந்துபோனேன். என் கண் முன்னாலேயே, ஒரே பாய்ச்சலில் பிடித்தாள்."

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். படிவத்தை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தார்.

"கிறிஸ்மஸ் வரை வீட்டை வைத்திருக்கச் சொல்கிறேன்."

உத்தியோக வாழ்க்கையில் பொய்த் தகவல் கொடுத்தவர்களுக்கு நூற்றுக்கணக்கில் கடிதம் எழுதியவன் நான். கோப்பில் அந்தப் பொய்யை எழுதவில்லை என்பதே எனக்கு எஞ்சிய கௌரவம். அதை உண்மையாக்க ஏறக்குறைய நான்கு வாரம் இருந்தது.

மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் நிறுத்துப் பார்த்தார். எடை அதிகம் குறையவில்லை, குளிர்காலத்தில் இவை மாதக்கணக்கில் சாப்பிடாமல் கிடக்கும், தொந்தரவு செய்யாதீர்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் பக்தர்களை முற்றாக நிறுத்தினேன். கோப்பில் எழுதினேன்: தொந்தரவு நீக்கப்பட்டது. பிறகு கண்காணிப்பைக் கூட்டினேன். வேலைக்குப் போகுமுன் ஒரு தரம், வந்தவுடன் ஒரு தரம், தேநீருக்கு முன், தேநீருக்குப் பின். பாம்பு ஒளிந்திருந்த மரப்பெட்டியைத் தூக்கி டோர்ச் அடித்துப் பார்த்தேன். அடுத்த புதனும் மறுப்பு.

அன்று மனைவி டோர்ச்சைப் பிடுங்கினாள்.

"உங்களுக்கு விசரே? ஒரு சின்னப்பிள்ளை சாப்பிடேக்கயே வாயைப் பாக்கக்கூடாது, நாவூறு படும் எண்டுறது. நீங்கள் வாய்க்குள்ள லைற் அடிக்கிறியள்."

"நாவூறு எண்டு ஒண்டும் இல்லை."

"அப்ப உங்களை ஒராள் டோர்ச்சோட பாத்துக்கொண்டு நிண்டா நீங்கள் சோறு தின்னுவியளோ?"

கை கோப்பில் இருந்தது. அதைப் புரட்டினேன். ஒவ்வொரு மறுப்புக்கும் மேலே, என் அழகான கையெழுத்தில், நான் பெட்டியைத் திறந்த நேரங்கள். ஒரு நாள்கூட வெறுமையாக இல்லை. பக்தர்கள் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வந்தார்கள். மற்ற நாட்களில் அந்தப் பாம்பைத் தொந்தரவு செய்தவர் யார் என்பதற்கு இதைவிடச் சுத்தமான சாட்சியம் எந்த விசாரணையிலும் கிடைத்திருக்காது.

கோப்பை மூடினேன். மனைவி பழைய வொயில் சேலை ஒன்றால் பெட்டியை மூடினாள். தண்ணீர் மாற்றுவது அவள் பொறுப்பு, அதுவும் கண்ணை மறுபக்கம் வைத்துக்கொண்டு. சூட்டை வெளியே தெரிந்த வெப்பமானியில் பார்த்துக்கொண்டேன். அதற்கு மட்டும் அனுமதி கிடைத்தது. ஒரு புதன் எலியே இல்லாமல் போனது.

அதற்கடுத்த புதன், எலியைச் சூடாக்கி ஒளிவுப் பெட்டியின் வாசலில் வைத்துவிட்டுச் சேலையை இறக்கினேன்.

"சப்பாத்தைப் போடுங்கோ," என்றாள் மனைவி.

"ஏன்?"

"வீட்டில நிண்டா பாப்பியள். உங்களை எனக்குத் தெரியாதே? வாங்கோ, கடைக்குப் போவம்."

மழையில் ஹை ஸ்ட்ரீட்டின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தோம். முருங்கைக்காய் வாங்கினோம். தேவையில்லாத ஒரு வாளியும் வாங்கினோம். இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக்கு வந்தபோது நான் குடையை மடிக்கவே மறந்துபோனேன்.

"பொறுங்கோ," என்று மனைவிதான் சேலையின் ஓரத்தைத் தூக்கினாள். குனிந்தாள்.

"எலி இல்லையப்பா."

பாம்பின் நடுவுடலில் ஒரு புடைப்பு. நான் கையை நீட்டினேன்.

"தொடாதேங்கோ! திண்டாப் பிறகு ரெண்டு நாளைக்குத் தொட்டா எலியைச் சத்தி எடுக்கும் எண்டு நீங்கள்தானே வாசிச்சுச் சொன்னியள்?"

ஞாயிறு ஆஸ்பத்திரியில், கிழவர் வாயைத் திறக்குமுன் நான் சொன்னேன்.

"சாப்பிட்டாள். எப்படி என்று கேட்காதீர்கள். நான் பார்க்கவில்லை. கடைக்குப் போயிருந்தேன்."

அவர் சிரிக்கத் தொடங்கினார். இடுப்பு வலித்தும் நிறுத்தவில்லை. தாதி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"இந்த முறை நம்புகிறேன். ஆள் பார்க்க அவள் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. என் மனைவிகூடப் பார்த்ததில்லை."

என் காது சூடானது. "அப்படியானால் அன்றைக்கு நான் சொன்னது..."

"உங்கள் பையில் இரண்டு பேனா தெரிந்தது."

"ஆள் பார்க்கச் சாப்பிடாது என்று முன்பே சொல்லியிருக்கலாமே?"

"நீங்கள் முதல் ஞாயிறே நூலகப் புத்தகத்தோடு வந்தீர்கள். எல்லாம் தெரிந்தவர் என்று நினைத்துவிட்டேன்."

தலையணைக்கு அடியிலிருந்து படிவத்தை எடுத்தார். மடிப்புகளை உள்ளங்கையால் தேய்த்து நேராக்கினார். வீடு என்ற கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, மற்றக் கையை என் பக்கம் நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன்.

"மூன்றாம் பக்கத்திலும் கையெழுத்து வேண்டும்," என்றேன். "பலர் அதைத் தவறவிடுவார்கள்."