டாங்கிக்குள் வந்த சேறு

என்னைத் திருடன் என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் முதலாளி சொல்லமாட்டார், பார்ப்பார். அந்தப் பார்வை இருக்கிறதே, அப்பப்பா! மயிலாப்பூரில் அவருக்குச் செங்கல் வியாபாரம். தியாகராய நகரில் தெருத்தெருவாக வீடுகள் எழும்பிக்கொண்டிருந்த முப்பதுகளில், பட்டணத்தில் டீசல் லாரி வைத்திருந்த ஒருசிலரில் அவரும் ஒருவர். ஓட்டியது நான். டீசலில் நான் கைவைக்கிறேன் என்று அவருக்குச் சந்தேகம். காலையும் மாலையும் ஒரு மூங்கில் குச்சியை டாங்கிக்குள் விட்டு அளப்பார். அப்போது என்னைக் கிட்டவே விடமாட்டார். "அப்பால போய் நில்லு" என்று விரட்டிவிடுவார். அளந்ததும் குச்சியைப் பூஜை அறையில் வைத்துப் பூட்டுவார்.

இந்த லட்சணத்தில் லாரி வழியில் நிற்க ஆரம்பித்தது. ஒருநாள் செங்கல் லோடோடு அடையாறு பாலத்தின்மேல் நின்றது. பின்னால் வந்த மாட்டுவண்டிக்காரர்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். ஃபில்டரைக் கழற்றினால் உள்ளே சாம்பல் நிறத்தில் சேறு! கழுவி மாட்டினேன். வாரம் திரும்புவதற்குள் மறுபடி அதே சேறு.

"டீசலை எடுத்துட்டு இன்னாத்தையோ கலக்கிறே" என்று அன்றைக்கு வாயைத் திறந்தே சொல்லிவிட்டார் முதலாளி. "இன்னொரு தபா வண்டி நின்னுது, போலீசுல சொல்லி உன் லைசென்சைப் பிடுங்கிடுவேன்."

லைசென்ஸ் போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. எனக்கும் பைத்தியம் பிடித்தாற்போல் ஆயிற்று. பீப்பாயில் டீசல் விற்கிற கடைக்காரன் கலக்கிறானா? எனக்கு ஆகாதவன் எவனாவது போடுகிறானா? டீசலைத் துணியில் வடிகட்டித்தான் ஊற்றினேன். வண்டிக்கு அடியிலேயே படுத்துக் காவல் காத்தேன். சேறு நின்றபாடில்லை.

கடைசியில் லஸ் முனைக்குப் பக்கத்தில், மெக்கானிக் பாயின் ஷெட் வாசலிலேயே வண்டி நின்றது. ஆள் விட்டுச் சொன்னதும் முதலாளி குச்சியோடு வந்து சேர்ந்தார்.

"பாய், நீயே சாட்சி. எவ்ளோ குறையுதுன்னு இப்பவே காட்டறேன்."

மடியிலிருந்து சம்படத்தை எடுத்தார். திருநீற்றை அள்ளிக் குச்சி முழுக்கப் பூசினார். டீசல் பட்ட இடம் பளிச்சென்று தெரியவேண்டுமாம். உள்ளே விட்டு எடுத்தார். மேல்பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது. கீழ்ப்பாதி வெறும் மூங்கில்.

எனக்கு ரத்தம் கொதித்தது. "முதலாளி, கீழே பூசின துண்ணூறு எங்க போச்சு?"

பாய் ஃபில்டரைத் திறந்து, சேற்றை விரலால் வழித்துக் காட்டினார். "யா அல்லா! இத்தினி நாளா வண்டிக்குத் துண்ணூறு ஊட்டிகினு இருந்தது நீங்கதானா முதலாளி!"

முதலாளி சம்படத்தை மடிக்குள் செருகிக்கொண்டார். டாங்கியைக் கழுவியதும் வண்டி ஜம்மென்று ஓடியது. என் லைசென்சும் தப்பியது.

மறுநாள் திருநீறு இல்லாமல் அளந்தார். டீசல் ஊறிக் கறுத்த குச்சியில் ஈரம் எதுவரை என்று தெரியவில்லை. அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, முதல்தடவையாக என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"எவ்ளோ கீதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

அடேயப்பா, எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று! ஈரத்தைத் தடவிப் பார்த்து, அது முடிந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினேன்.

"சத்தியமா?" என்றார்.

வண்டிச் சாவியை அவர் கையில் வைத்துவிட்டு வீட்டுக்கு நடந்தேன்.