டிரெயின் பிளக்கில் வைத்த மஞ்சள் புள்ளி

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். என் அவசரத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து வந்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கார் தொழிற்சாலையில் போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தேன். அதே லைனில் வேலை பார்த்த நண்பன், வல்லக்கோட்டைப் பக்கம் தன் வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, ஒற்றை ஆள் விமானம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். ஊரே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே ஞாயிறுதோறும் உதவப் போனேன்.

எஞ்சினுக்கு அடியில் ஆயிலை வடிக்க டிரெயின் பிளக் என்று ஒரு திருகுமூடி உண்டு. காரில் அது கழன்றால் ஓரங்கட்டி நிறுத்தலாம். வானத்தில் எங்கே ஓரங்கட்டுவது? அதனால் முடுக்கிய பிறகு, பிளக்கின் தலையிலுள்ள துளையில் கம்பி கோத்து, முடுக்கும் பக்கமாக இழுத்து முறுக்கி, பக்கத்து போல்ட்டோடு கட்டிவிட வேண்டும். கம்பி கட்டும் வேலையை மட்டும் அவன் யாருக்கும் தரமாட்டான்.

விமானம் கட்டி முடிந்த ஒரு ஞாயிறன்று, ஆயில் மாற்றிவிட்டு பிளக்கை நான்தான் போட்டேன். லைனில் வண்டிகள் நிற்காமல் நகரும்; முடுக்கிய போல்ட்டுக்கு மஞ்சள் பெயிண்டில் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி இருந்தால் அடுத்தவன் தொடமாட்டான். வேலை நெருக்கும்போது நான் எல்லாவற்றுக்கும் புள்ளியை முதலில் வைத்துவிட்டு, அப்புறம் முடுக்குவேன். கை அதே பழக்கத்தில் போயிற்று. பிளக்கை விரலால் திருகிப் புள்ளி வைத்தேன். ஸ்பேனரை எடுப்பதற்குள் அவன் மனைவி சாப்பிடக் கூப்பிட்டார். நல்ல பசி. வந்து மறந்தே போனேன்.

அவன் அடியில் படுத்துக் கம்பியை இழுத்தபோது பிளக்கும் கூடவே திரும்பியது. வெளியே வந்து தரையில் உட்கார்ந்தான்.

"மஞ்ச வச்சிக்கீற. கையாலயே சுத்துது."

"முடுக்கணும்னுதான் இருந்தேன். மறந்துட்டேம்ல."

"நாளைக்கு நான் இதுல ஏறணும். கம்பி கட்டப் போய் தெரிஞ்சிது." ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தான். "லைன்ல யாரு கம்பி கட்றா?"

எனக்கு வெட்கமாக இருந்தது; அதைவிட பயமாக இருந்தது. புள்ளி வைத்த பிறகு, முடுக்குவதற்குள் நகர்ந்துபோன வண்டிகள் உண்டா இல்லையா என்று எனக்கே நிச்சயமில்லை.

பிளக்கை முடுக்கினேன். அவன் கம்பி கட்டினான். மறுநாள் பறந்து பத்திரமாக இறங்கினான்.

இன்றும் எங்கள் லைனில் வந்த அந்த வருஷத்துக் கார் ஒன்று, பின் சீட்டில் பிள்ளைகளோடு என்னைக் கடந்து போனால், நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.